கொலுவில் அதிகம் பேசியது யார்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டுத் தூதரகத்தைச் சேர்ந்த ஒருவரோடு பேசினால் மேலிடத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் சரி, தெரிவிக்க வேண்டும். நான் எந்தத் துறை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பெரிய சுவாரசியம் இராது. துறைமுகம், நதிவழிப் போக்குவரத்து என்று காகிதங்கள் வரும், போகும். அந்தக் காகிதங்களைப் படிக்க வெளியில் யாராவது ஆசைப்படலாம் என்பதால் எங்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். எனக்கு அது பழகிப்போன விஷயம்.

கொலுவின் விதி இதற்கு நேர் எதிர். பார்த்தவரையெல்லாம் கூப்பிட வேண்டும். வந்தவரை நீ யார், எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்கக் கூடாது. வெறும் கையோடு அனுப்பவும் கூடாது. என் மனைவி அந்த விதியில் கெட்டி. கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் நாங்கள் இருக்கும் தெருவில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் நவராத்திரி வந்தால் எங்கள் ஹாலில் உட்கார இடமிருக்காது. அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் அண்ணி முறை வைத்து, "பௌதி, இந்த வருஷம் என்ன புதுப் பொம்மை?" என்று அவளைக் கேட்டுக்கொண்டே படியேறி வருவார்கள். சுண்டலில் ஏன் வெங்காயம் போடுவதில்லை என்று வருஷா வருஷம் வருத்தப்படுவார்கள்.

ஒரு வருஷம், நவராத்திரி ஆரம்பித்த சமயம், மனைவி லேக் மார்க்கெட்டில் தமிழ் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு பெண்மணி கடைக்காரரிடம் கட்டிப் பெருங்காயம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நாற்பது வயதிருக்கும். தமிழ்தான், ஆனால் வேறு ஏதோ ஊர் ராகத்தில் தமிழ். எது நல்ல பெருங்காயம் என்று என் மனைவி எடுத்துச் சொல்ல, அப்படியே பேச்சு வளர்ந்து, "கொலு வெச்சிருக்கோம், கட்டாயம் வரணும்" என்று முகவரியும் கொடுத்துவிட்டு வந்தாள். யார் என்ன என்று கேட்கவில்லை. கொலுவுக்குக் கூப்பிடும்போது யார்தான் கேட்கிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் எங்கள் சந்துக்குள் நீல நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்று நுழைந்தது. தூதரகத்துக் கார்களுக்குத்தான் அந்த நீலம். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த எங்கள் தெரு கிளப் பையன்கள் மூங்கிலை நகர்த்தி வழிவிட்டார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார் எங்கள் வாசலில் நின்றது; மளிகைக் கடையில் பெருங்காயம் கேட்ட பெண்மணிதான் இறங்கினாள்.

எந்த நாடு என்பதையும் எழுதவில்லை. அந்த நாட்டில் குடியேறிவிட்ட தமிழ்ப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவள், இங்கே அவர்கள் தூதரகத்தில் அதிகாரி. அவளுடைய அம்மா அந்த ஊர்க் குளிரில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கொலு வைப்பாளாம். மரப்பாச்சிக்குப் பக்கத்தில் இவளுடைய பிளாஸ்டிக் டைனோசர் நிற்குமாம். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் கொலுப்படிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் எந்த நாட்டின் ரகசியத்தையும் திருட வந்தவளாகத் தோன்றவில்லை. சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றைக்கு ஹாலில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நாலு வீடு தள்ளி இருக்கும் பெண். அவளுடைய அம்மா பவானிபூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லை. பெண் மத்திய அரசுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், வங்காள மொழிதான் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தூதரகத்திலிருந்து வந்தவளுக்கும் அதே தடுமாற்றம். இரண்டு பேரும் ஓட்டைத் தமிழில் பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் திருத்திச் சிரித்தார்கள். அஷ்டமியன்று அந்தத் தூதரகத்து அம்மாள் மறுபடி வந்தாள். அவளும் அந்தப் பெண்ணும் என் மனைவியும் மூன்று பேருமாகப் பந்தல் பார்க்கப் போய்விட்டு, கால் வலியோடும் சாட் மசாலா வாசனையோடும் திரும்பி வந்தார்கள்.

"இதை ஆபீஸில் தெரிவிக்கணும்" என்றேன் மனைவியிடம்.

"ஏன்னா, சுண்டல் தின்னுட்டுப் போனதுக்கெல்லாமா ஆபீஸ்ல சொல்லுவேள்? என்னன்னு சொல்லுவேள், உப்புக் கொஞ்சம் தூக்கல்னா?"

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கல்கத்தாவில் பூஜை வந்துவிட்டால் எந்த ஆபீஸிலும் ஃபைல் நகராது. யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது லக்ஷ்மி பூஜை, பிறகு காளி பூஜை. அதற்குள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்ற கூச்சம் வந்துவிட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று விட்டுவிட்டேன். அந்த அம்மாள் மட்டும் விடவில்லை. புளிக்காய்ச்சலுக்கு எள் வறுக்க வேண்டுமா, அடைக்கு எந்த அரிசி என்று என் மனைவியின் போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். இவளும் அடுப்படியில் நின்றபடியே பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் அது நடந்தது. எங்கள் ஆபீஸ் சம்பந்தப்பட்ட ஒரு குறிப்பு வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வரிக்கு வரி வெளியாகிவிட்டது. நான் அந்தக் குறிப்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எல்லோரையும் ஒவ்வொருவராக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது பிரமோஷன் வரவேண்டிய சமயம். என் மேல் குறையொன்றும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர்களும் இவர்கள்தான்.

பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி. மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம். விசாரித்தவர் என் வயதுக்காரர், வங்காளி, தணிந்த குரல். டீயும் பிஸ்கெட்டும் வைத்தார். குடும்பம் எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "உங்கள் வாசலில் தூதரகக் கார் இரண்டு சாயங்காலம் நின்றிருந்தது, இல்லையா?" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து, யார் சொல்லி, எனக்குத் தெரியாது. மூங்கில் நகர்த்திய பையன்களா, எதிர்வீட்டு வாட்ச்மேனா, இல்லை கார் பின்னாலேயே ஒரு கண் வந்ததா? கொலுவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். படி, பொம்மை, தாம்பூலம், சுண்டல். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். நடந்தது ரகசியச் சந்திப்பில்லை, ஊரைக் கூட்டி நடந்த விசேஷம் என்று காட்டவேண்டுமே! யார் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்காமலேயே ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சாட்சி எத்தனை அதிகமோ அத்தனை நல்லது என்று என் ஆபீஸ் புத்தி கணக்குப் போட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவருக்கு அது சாட்சிகளாகக் கேட்கவில்லை. தூதரக அதிகாரியோடு பழகியவர்கள் என்று கேட்டது.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவர்களில் அந்த அதிகாரியோடு அதிகம் பேசியது யார்?"

என் மனைவியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதிகம் பேசியது அவள்தான், இன்னும் பேசிக்கொண்டிருப்பவளும் அவள்தான். அதைச் சொன்னால் அடுத்தது அவளுடைய போன், அதற்கடுத்தது நான். பிரமோஷன் காகிதம் அவர் மேஜையில்தான் எங்கோ இருந்தது.

"அந்தப் பொண்ணு" என்றேன். "டீச்சருடைய பெண். இரண்டு பேரும் சேர்ந்து பந்தல்கூடப் பார்க்கப் போனார்கள்."

அவர் தலையசைத்தார். டீ ஆறிவிட்டது, வேறு சொல்லட்டுமா என்று கேட்டார். வெளியே வந்து மெட்ரோ ஏறியபோது எனக்கு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை, அவளும் பேசினாள்தானே, போனாள்தானே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். சின்னப் பெண், அவளை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

அந்தப் பெண் அந்த வருஷம் பரீட்சையில் தேறினாள். எத்தனையோ தடவை விழுந்து எழுந்து தேறியவள். டீச்சரம்மா எங்கள் தெரு முழுவதற்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். இனி போலீஸ் விசாரணை முடிந்து உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி. அவளோடு தேறியவர்களுக்கெல்லாம் வெயில் காலத்திலேயே உத்தரவு வந்தது. இவளுக்கு வரவில்லை. உள்ளூர் ஸ்டேஷனில் எல்லாம் சரி என்றார்கள். மேலே எங்கேயோ நிற்கிறது என்றார்கள். மேலே எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

ஒருநாள் டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர்தான், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இங்கே அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. வங்காளிகளைப் பார்த்து, காளி பூஜைக்குப் பிறகு வரும் பாய் ஃபோட்டா அன்று வருஷா வருஷம் என்னை உட்கார வைத்து நெற்றியில் சந்தனம் இட்டு இனிப்பு கொடுப்பார். சகோதரனுக்கு ஆயுசு வேண்டி இடுகிற சந்தனம்.

"அண்ணா, நீங்க கவர்மென்ட்ல பெரிய இடத்துல இருக்கேள். எங்கே நிக்கறதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கோ. பாவம், ராத்தூக்கமில்லாம படிச்ச பொண்ணு. நாங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?"

விசாரிக்கிறேன் என்றேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

அவர் போனதும் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏன்னா, ஆபீஸ்ல அந்தக் கொலு விஷயம் கேட்டான்னு சொன்னேளே. அவ நம்பர் எங்கிட்டேதானே இருக்கு? என்னை ஏன் ஒருத்தரும் வந்து கேக்கலை?"

செய்தித்தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தூதரகத்து அம்மாளின் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டாள். கடைசியாக வந்த செய்தியை என்னிடம் காட்டினாள். "மாமி, நான் ஏதாவது தப்பு பண்ணினேனா?" என்று தமிழில் இருந்தது. அதற்கும் பதில் போகவில்லை.

பெயர்ப்பலகை இல்லாத அந்த மாடிக்கு நானாகவே மறுபடி போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். அந்த மனிதர் அதே மரியாதையோடு டீ சொன்னார்.

"அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். ரொம்ப நல்ல பெண்" என்றேன்.

"சந்தோஷம். அவள் கெட்டவள் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே."

"அவளுடைய வேலை உத்தரவு நிற்கிறது."

"நீங்கள் கொடுத்த தகவலைச் சரிபார்க்கிறார்கள். நேரம் எடுக்கும்." என்னைப் பார்த்தார். "அதிகம் பேசியது யார் என்று கேட்டேன், அவள் என்று சொன்னீர்கள். அது மாறுகிறதா?"

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் யாருக்கும் திறந்து வைக்க மாட்டார்கள். நான் அந்தக் கதவருகில் நின்றுகொண்டு, "இல்லை" என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். அன்று மெட்ரோவில் நிம்மதி இல்லை. யாரோ என்னையே உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

டீச்சரம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். பல தடவை அவர் வாசல்வரை போயிருக்கிறேன். ஆனால் விசாரணையில் நடந்ததை வெளியில் சொல்வதும் எங்கள் விதிப்படி குற்றம். ரகசியத்தைக் கசியவிட்டதாக ஆகும். மனைவியிடம் பாதி சொன்னதைத் தவிர்த்தால், இந்த விதியை மட்டும் நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினேன். கொலுவுக்கு வந்தவளைப் பற்றித் தெரிவிக்காதவனுக்கு, அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை நின்றுபோனபோது சட்டம் நன்றாகவே ஞாபகம் வந்தது.

ஆடி போய் ஆவணியும் வந்தது. பத்திரிகைக்குப் போன அந்தக் குறிப்பு எங்கள் ஆபீஸிலிருந்து போகவேயில்லை, வேறு ஊரில் வேறு ஆபீஸில் நடந்த காரியம் என்று தெரிந்தது. எங்களையெல்லாம் விட்டுவிட்டார்கள். எனக்குப் பிரமோஷன் வந்தது. அந்தப் பெண்ணின் உத்தரவு மட்டும் வரவில்லை, அந்த வருஷத்துப் பட்டியலும் காலாவதியாகிவிட்டது. அவளைச் சந்தேகிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவள் மறுத்திருக்கலாம்.

அந்த நவராத்திரிக்கு மனைவி கொலு வைத்தாள். புதிதாக யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்களும் உட்கார்ந்து பாடாமல் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பாய் ஃபோட்டா அன்று டீச்சரம்மா தவறாமல் வந்தார். நெற்றியில் சந்தனம் இட்டுவிட்டு, "எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சேள் அண்ணா" என்றார்.

பெண்ணுக்குப் பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நாங்களும் போயிருந்தோம். ஹௌராவைவிட அங்கே கூட்டம் குறைவு என்பார்கள், அன்றைக்கு அப்படியொன்றும் குறைவாக இல்லை. பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு இறங்கியபோது, அந்தப் பெண் பிளாட்பாரத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் குனிந்து என் காலைத் தொட்டாள்.

"மாமா, புதுக் கம்பெனில என்னைப் பத்திக் கேக்க ஒரு பேர் குடுக்கச் சொன்னாங்க. உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். பரவாயில்லையா?"

"அதுக்கென்னம்மா, நன்னா இரு" என்றேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் போகும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது டாக்ஸியில் டீச்சரம்மா, பெங்களூரில் குளிருமோ என்று ஒருதடவை கேட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் வந்தது. கம்பெனிக்காகச் சரிபார்க்கும் யாரோ ஒரு பையன், ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினான். அவளை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டான். சின்ன வயதிலிருந்து என்றேன். நடத்தை எப்படி என்றான். நான் பேச ஆரம்பித்தேன். அவள் படித்த படிப்பு, அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம், தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்கும் குணம், தடுமாறினாலும் விடாமல் பேசும் தமிழ். எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியவில்லை.

"போதும் சார்" என்றான் அவன் பணிவாக. "ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். கடைசிக் கேள்வி. உங்களுக்குத் தெரிந்து அவர்மேல் அரசாங்க விசாரணை ஏதாவது நடந்ததுண்டா?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் எனக்காகச் சொல்லாத பொய் அது ஒன்றுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி பால்கனிக் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

"யாரு?"

"அவ கம்பெனி. அவளைப் பத்திக் கேட்டா. தங்கமான பொண்ணுன்னு சொன்னேன்."

அவள் துணிகளைக் கட்டிலில் போட்டு ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்க்காமலேதான் கேட்டாள்.

"அன்னிக்கு என் பேரைச் சொல்லியிருந்தா எனக்கு என்னன்னா போயிருக்கும்?"

அவளுக்கு ஒன்றும் போயிருக்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.